நாலு கம்பியும் இரண்டு காதும்

என் பேஸ் கிதார் ஒரு தப்பான கொள்முதலில் கிடைத்தது. ஐ.டி.ஐ.யில் என்னோடு படித்த நண்பன், பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பத்துப் பையன், சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் சாதாரண கிதார் என்று நினைத்து அதை வாங்கி வந்துவிட்டான். கழுத்து நீளமாக இருந்ததால் உசத்தியான கிதார் என்று எண்ணியிருக்கிறான். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆறு கம்பிக்கு நாலுதான் இருக்கிறது. மீதி இரண்டைக் கடைக்காரன் சுருட்டிவிட்டான் என்று ஒரு வாரம் திட்டிக்கொண்டே திரிந்தான். பிறகு அவன் கீபோர்டு பக்கம் போய்விட, கிதார் என் தலையில் விழுந்தது.

"வெச்சிக்கடா நைனா. ஊட்ல சும்மா தூங்கிக்கினு கீது" என்று கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

கேசட் போய் சிடி வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. டேப் ரெக்கார்டரில் கீச்சுச் சத்தத்துக்கான ட்ரெபிள் திருகை முழுக்கக் குறைத்துவிட்டு, ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டவைத்து, பழைய சினிமாப் பாட்டுகளின் அடியில் என்ன ஓடுகிறது என்று தேடுவேன். பாடகரையும் வயலினையும் ஒதுக்கிவிட்டால் அடியில் ஒருவன் நடந்துகொண்டே இருப்பான். அவன் கால் வைக்கும் இடத்தில் என் விரலை வைக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். முதல் பாட்டுக்கு ஒரு மாதம் ஆனது.

ஆம்ப்ளிஃபயர் இல்லாத பேஸ் கிதார் பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடக் கேட்காது. அதனால் அதன் தலையை எங்கள் வீட்டு மர அலமாரியில் முட்டுக்கொடுத்து வாசிப்பேன். அலமாரியே அதிரும். உள்ளே இருக்கிற எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். "இன்னாடா, பூகம்பமா?" என்று அம்மா அடுப்பங்கரையிலிருந்து கத்துவாள்.

பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். மீதி ரெண்டு கம்பி எங்க? "பேஸ் கிதார்" என்று சொன்னால், "பேசுற கித்தாரா? எங்க, பேசச் சொல்லு பாப்போம்" என்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பேஸ் வாசிக்கிறவனுக்கு இயல்பிலேயே ஒரு வீம்பு உண்டு என்று நினைக்கிறேன். கல்யாண மேடையில் பாடகர்கள் முன்னால் நிற்பார்கள், கீபோர்டு இடது பக்கம், தபலாவும் ரிதம் பேடும் வலது பக்கம். நாங்கள் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில், பூ அலங்காரத்துக்குப் பின்னால். ஆல்பத்தில் முழங்கை மட்டும் விழும். ஆனால் நாங்கள் நிறுத்தினால் பாட்டு காற்றுப்போன டயர் போல இறங்கிவிடும். யாருக்கும் காரணம் தெரியாது, என்னமோ குறைகிறதே என்று மட்டும் தோன்றும். அந்த ரகசியம் எனக்குப் பிடித்திருந்தது. வேறு எதிலும் நான் அப்படித் தேவைப்பட்டதில்லை.

நண்பன் திருவள்ளூரில் ஒரு மெல்லிசைக் குழு ஆரம்பித்தபோது என்னைத்தான் முதலில் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை. பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் கிதாரோடு போவேன். அந்த நேரத்தில் மற்ற குழுக்கள் எல்லாம் பேஸ் வாசிப்பவர்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. கீபோர்டு வாசிக்கிறவனின் இடது கையே அந்த வேலையைச் செய்துவிடும், ஆளும் மிச்சம், மேடையில் இடமும் மிச்சம். எங்கள் நண்பன் மட்டும், "நம்ம செட்டுல கம்பிய தட்டித்தான் வாசிப்போம்" என்று எல்லாரிடமும் பெருமையடிப்பான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

வாரத்தில் மற்ற ஆறு நாளும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை வைத்தால் மேலிருந்து பிரஸ் இறங்கி ஒரே அடியில் வெட்டும். அப்படிப் பன்னிரண்டு பிரஸ் ஒரே கூரைக்குக் கீழே. பேச்சு எல்லாம் கை ஜாடைதான். வாரத்துக்கு ஒரு ஜோடி ஆரஞ்சு நிற ஸ்பாஞ்ச் அடைப்பான் காதுக்குக் கொடுப்பார்கள். வைத்துக்கொண்டவனைப் பார்த்து, "இன்னா மாமே, பொணத்துக்கு வெக்கிற மாதிரி வெச்சிக்கினு கீற" என்று சிரிப்பார்கள். நான் வைத்துக்கொள்ளாததற்குக் காரணம் வேறு. பழைய பாட்டுகளில் பேஸ் சத்தம் நீளாது, டும் டும் என்று வெட்டி நிற்கும். கம்பிக்கு அடியில், கிதாரின் உடம்பில் கம்பிகளைத் தாங்குகிற பாலத்தை ஒட்டி, மெத்தென்று எதையாவது திணித்தால் அந்தச் சத்தம் வரும். துணி, பஞ்சு எல்லாம் வைத்துப் பார்த்தேன். கம்பெனி கொடுத்த ஸ்பாஞ்சுக்கு ஈடாக எதுவும் இல்லை. கம்பிக்கு ஒன்று வீதம் நாலு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை புதுசு. இப்படியாகக் கம்பெனி என் காதுக்குக் கொடுத்ததை ஐந்து வருஷம் கிதாருக்கு வைத்துக்கொண்டிருந்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

முதலில் கொசு போயிற்று. காதருகில் ரீங்காரம் இல்லை, ஊரில் மருந்து அடித்துவிட்டார்கள் போல என்று சந்தோஷப்பட்டேன். பக்கத்தில் என் மனைவி பட் பட் என்று அடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சைக்கிள் மணி. எளாவூர் செக்போஸ்ட்டில் வரிசையாக நிற்கிற லாரிகளின் உறுமல் துல்லியமாகக் கேட்கும், பின்னால் வருகிற சைக்கிள் மணி கேட்காது. ஒருநாள் மனைவி கடைக்குப் போய்விட்டு வந்து, "இன்னாங்க, குக்கர் எத்தினி விசில் வுட்டுச்சி?" என்றாள். நான் அடுப்புக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். அது ஒரு விசில்கூட விடவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன். உள்ளே பருப்பு கரியாகியிருந்தது.

மேடையில்தான் அது கழுத்தைப் பிடித்தது. பாடகர்கள் சில நாள் தொண்டைக்குத் தகுந்தாற்போல் சுருதியை மாற்றிக்கொள்வார்கள். பாட்டு ஆரம்பிக்கும் முன் திரும்பி, எந்தச் சுருதி என்று ஒரு எழுத்தைச் சொல்வார்கள். சி, டி, ஈ, ஜி, பி. இந்த ஐந்தும் எனக்கு ஒரே "ஈ"யாகிவிட்டன. முன்னால் இருக்கிற மெய்யெழுத்து வந்து சேரவே இல்லை. எழுத்துக்குப் பின்னால் வரும் "மைனர்" என்பது கேட்கும், எந்த மைனர் என்பது கேட்காது. திரும்பத் திரும்ப "இன்னா?" என்று கேட்க வெட்கமாக இருந்தது. உதட்டைப் பார்த்து ஊகித்தேன். மீதிக்குக் காலை நம்பினேன். செருப்பைக் கழற்றிவிட்டு மேடைப் பலகையில் வெறுங்காலோடு நிற்பேன். என் சத்தம் பலகை வழியாகப் பாதத்தில் ஏறும். கேட்கிறதோ இல்லையோ, அது அங்கே இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனியில் தெரிந்தால் பேக்கிங்குக்கு மாற்றுவார்கள், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். குழுவில் தெரிந்தால் என் இடம் போய்விடும். காது கேட்காதவனை மேடையில் வைத்துக்கொள்ள யாருக்கு என்ன தலையெழுத்து? அந்தப் பயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனிக்கு மருத்துவ வேன் வரும். ஒரு சின்னப் பெட்டிக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். கீச்சென்று சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதல் நாலைந்து கேட்டது. அதற்குப் பிறகு நிசப்தம். அப்போதுதான் பெட்டியின் கண்ணாடி வழியாகக் கவனித்தேன், சத்தம் கொடுக்கிற ஆள் காலையிலிருந்து இதே வேலையைச் செய்து அலுத்துப்போயிருந்தான், ஒரே தாளத்தில்தான் விசையைத் தட்டிக்கொண்டிருந்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, சத்தம். நான் மனசுக்குள் எண்ணி, ஐந்தாவதில் அழுத்தினேன். கடைசிவரை அப்படியே. "நார்மல்" என்று எழுதிக் கொடுத்தான். எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

அடுத்த தை மாதம் பெரியபாளையத்தில் ஒரு காதுகுத்து. கோயிலில் மொட்டை போட்டு, பக்கத்து மண்டபத்தில் காது குத்தி விருந்து. பதினோரு மணிக்கு எங்கள் கச்சேரி. அம்மன் பாட்டுகளில் தொடங்கினோம். அந்தப் பாட்டுகளை என் நண்பனைப்போல யாரும் வாசிக்க முடியாது, அவன் கை வைத்தால் இரண்டு பேருக்காவது சாமி வந்துவிடும். நாலாவது பாட்டின் நடுவில், வீடியோ எடுத்தவர் பின்னால் நகர்ந்தபோது கீபோர்டின் ஒயர் அவர் காலில் சிக்கிப் பிடுங்கிக்கொண்டது. கீபோர்டு செத்துவிட்டது.

தபலாவும் பேடும் பாட்டும் ஓடிக்கொண்டிருந்தன. நானும் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் காலுக்கு அடியில் பலகை சும்மா கிடந்தது. ரிதம் பேடின் அடி மட்டும் வந்து வந்து போனது. கம்பியை இன்னும் ஓங்கித் தட்டினேன். ஒன்றும் இல்லை. எல்லாரும் கீபோர்டைப் பார்க்க, நான் என் ஒயரைத் தொடர்ந்து கண்ணை ஓட்டினேன். அது நண்பனின் பக்கத்திலிருந்த, எல்லார் சத்தத்தையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற மிக்சருக்குப் போனது. "இனிமே ஆம்ப் வேணாம்டா, நேரா மிக்சர்ல சொருகிடு" என்று சில மாதத்துக்கு முன்னால் அவன் சொன்னது ஞாபகம் வந்தது. சத்தத்தை ஏற்றி இறக்க மேலும் கீழும் இழுக்கிற ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே வெள்ளை பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருந்தான். "பேஸ்" என்று எழுதிய இடத்தில் சுவிட்ச் அடிமட்டத்தில் கிடந்தது. அவன் ஒயரைத் திரும்பச் சொருகி இடது கையை வைத்ததும், பலகை அதிர்ந்தது. இத்தனை நாளும் என் காலில் ஏறிக்கொண்டிருந்தது அவன் வாசிப்பு.

சாப்பாட்டு நேரத்தில் மண்டபத்துக்குப் பின்னால், கை கழுவுகிற இடத்தில் அவனைப் பிடித்தேன்.

"எத்தினி நாளா?"

"இன்னா எத்தினி நாளா?"

"யாருக்குடா காது குத்துற?" என்று கத்தினேன். கை கழுவிக்கொண்டிருந்த இரண்டு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். நான் எங்கே நின்று எதைக் கேட்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அவன் சிரிக்கவில்லை. "ஆடிலேர்ந்து" என்றான். "திருப்பாச்சூர் அம்மன் திருவிழால அந்தப் பொண்ணு டி-ல பாடிக்கினு கீது, நீ ஜி-ல வாசிக்கிற. மூணு பாட்டு. கீழ எறங்கி ஒரே அழுகை. உன்ன நிப்பாட்டச் சொல்லி எல்லாரும் என்னிய பேஜார் பண்ணாங்க. எப்டிடா சொல்லுவேன்? நானே எட்து கைல வாசிச்சிக்கலாம்னு எறக்கி வெச்சிட்டேன்."

இதை அவன் என் முகத்துக்கு நேராக நின்று, மெதுவாக, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். பல மாதமாகவே என்னோடு இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறான் என்பது அப்போதுதான் புத்தியில் ஏறியது. அறைய வேண்டும்போல இருந்தது. அவன் தோளில் விழுந்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"அடுத்த பாட்டு என்னுத ஏத்து. உன் எட்து கைய எட்த்துடு" என்றேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவன் அப்படியே செய்தான். சுருதியை மூன்று முறை சொன்னான், விரலாலும் காட்டினான். பாட்டு தொடங்கியது. பலகை அதிர்ந்தது, இந்தத் தடவை என்னால். ஆறு மாதத்துக்குப் பிறகு என் கம்பி என் காலுக்கு வந்தது. எனக்குத் தெரிந்து ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே சொல்கிறேன்.

பாட்டு முடிந்ததும் அவன் பக்கம் திரும்பினேன். "சூப்பர்" என்று தலையாட்டினான். பாடிய பெண் குனிந்து புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தபலாக்காரர் ஏற்கெனவே இறுகியிருந்த வாரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். நன்றாக இருந்திருந்தால் ஒருவராவது என்னைப் பார்த்திருப்பார்கள். என்ன தப்பு, எங்கே தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளவும் காது வேண்டும்.

"எறக்கிடு" என்றேன். அவன் கீபோர்டில் எதையோ தேடுவதுபோல நடித்தான். நானே போய் "பேஸ்" என்ற சுவிட்சை அடிவரை இழுத்துவிட்டு வந்தேன். மீதி ஐந்து பாட்டுக்கும் நின்று வாசித்தேன். அந்த வீட்டுக்காரர்களின் சிடியில் நான் தலையை ஆட்டி ஆட்டி ரசித்து வாசிப்பது பதிவாகியிருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குக் கிளம்பவில்லை. ஒன்பது மணிக்கு டிவி மேல் வைத்திருந்த செல்போன் டர்ரென்று டிவியையே அதிரவைத்து அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. மூன்றாவது முறை அடித்தபோது மனைவி ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, உங்க பிரண்டுதான் போல. போனு அடிச்சிக்கினே கீதே, கேக்கலியா?"

"கேக்கல" என்றேன். அந்த மூன்று தடவையும் எனக்கு நன்றாகவே கேட்டது.