பன்னிரண்டு பேரில் ஒருத்தி

வெள்ளிக்கிழமை தவறாமல் இந்தக் கோயிலுக்கு வரும் அக்கா தங்கைகளே, அம்மன் என் வேண்டுதலைக் கேட்டாள். அதை மறைத்தால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் நான் என்ன வேண்டினேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதியைச் சொல்லி நல்ல பெயர் வாங்க எனக்கு விருப்பம் இல்லை.

என் பெயர் புஷ்பா. ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. போன வருடம் சித்திரையில் ஆரம்பித்த உதிரப்போக்கு ஆடி வந்தும் நிற்கவில்லை. இரண்டு முறை ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். என் எடை அப்போது நூற்று முப்பத்தொரு கிலோ. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இருபது கிலோ கொறச்சிட்டு வாங்க. இப்ப படுக்க வெச்சா எழுப்ப முடியாமப் போயிரும்."

சோற்றை விட்டேன். ரொட்டி சானாய் கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. நடந்தால் குறையும் என்றார்கள். நடந்தால் ரத்தம்தான் கொட்டியது. தொழிற்சாலை வேன் ஓட்டுபவன் தினமும் கேட்பான், "புஷ்பாக்கா, இன்னிக்கு எந்த டயரு மேல ஒக்காரப் போறீங்க?" வேனே சிரிக்கும். நானும் சிரிப்பேன். என் வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "நீ செத்தா தூக்க எட்டுப் பேரு பத்தாதுலா." அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாரம் ஒரு ஊசி போட்டால் எடை இறங்கும் என்று கேள்விப்பட்டேன். வெளியே வாங்கினால் என் சம்பளம் முழுவதும் அதற்கே போய்விடும். அரசாங்கக் காப்புறுதி அட்டையை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த மலாய்ப் பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தக் போலே லா, காக், முடியாதுக்கா. இது அழகாவுற மருந்து, இதுக்குக் காசு கெடையாது" என்ற பொருளில் சொன்னாள். நான் நின்ற இடத்தில் என் பாவாடை நனைந்துகொண்டிருந்தது. அழகாம்!

ஈப்போவில் அரசாங்க மருத்துவமனை ஒன்றில் வியாழக்கிழமை மட்டும் ஒரு கிளினிக். அங்கே அந்த ஊசி இலவசம். ஆனால் பன்னிரண்டு பேருக்குத்தான். கோட்டா. காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் முதலாவது.

"எப்ப மிஸ்ஸி கெடைக்கும்?" என்று தாதியிடம் கேட்டேன்.

"யாராச்சும் ஒருத்தர் நின்னாத்தான். யாரும் நிக்க மாட்டாங்கம்மா." யாராவது செத்தால்தான் இடம் காலியாகும் என்று எனக்குப் புரிந்தது.

அந்தக் கிளினிக்கில்தான் அஞ்சலை அக்காவைப் பார்த்தேன். இதோ இந்தக் கோயில் இருக்கும் எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டியவர். எஸ்டேட் மூடியதும் பத்து காஜா டவுன் பக்கம் மலிவு விலை வீட்டுக்குப் போனவர். என்னைவிடக் கனம். இதயத்தில் கோளாறு. பன்னிரண்டு பேரில் ஒருவர். முதல் நாளே நகர்ந்து, அகலமான பெஞ்சில் எனக்கு இடம் கொடுத்தார். "அந்தப் பிளாஸ்டிக் நாற்காலில ஒக்காராத தாயி, நம்மள அது காட்டிக் குடுத்துரும்" என்றார். என் பெயர் கேட்டார், நட்சத்திரம் கேட்டார், தொலைபேசி எண் கேட்டார். இடம் கிடைத்தால் முதலில் எனக்குத்தான் சொல்ல வேண்டும் என்றார். சரி என்றேன்.

மூன்று வியாழன் ஊசி போட்டுக்கொள்ளும் பன்னிரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். யார் போவார் என்று கணக்குப் போட்டேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு ஒரு சீனக் கிழவர் வருவார். பத்தடி நடந்தால் மூச்சிரைக்கும். அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆடி மாதம் மூன்றாவது வெள்ளி. உங்களில் பலர் அன்று இங்கே இருந்தீர்கள். எலுமிச்சை விளக்கு ஏற்றிவிட்டு நான் அழுததைப் பார்த்து ஒரு தங்கை முதுகைத் தடவிக் கொடுத்தாள். 'குணப்படுத்து தாயே' என்று வேண்டுகிறேன் என்று நினைத்திருப்பாள். நான் வேண்டியது வேறு. 'அவருக்கு வயசாச்சு. எனக்கு நாற்பத்து மூன்றுதான். ஒருத்தரை எடுத்துக்கோ, தாயே.' வாய்விட்டுச் சொல்லவில்லை. மனத்துக்குள் தெளிவாகச் சொன்னேன்.

அடுத்த புதன்கிழமை மருத்துவமனையிலிருந்து அழைப்பு. "ஒரு எடம் இருக்கு. நாளைக்கு வாங்க."

தொழிற்சாலைக் கழிவறைக்குள் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்மா, அம்மா என்று அரற்றினேன். கிழவரை ஒரு நொடி நினைத்தேன். பாவம் என்றுகூடச் சொல்லிக்கொண்டேன். பிறகு வாக்குக் கொடுத்தபடி முதலில் அஞ்சலை அக்காவுக்கு அழைத்தேன்.

எடுத்தது அவர் மகள்.

"அக்கா, அம்மா நேத்துக் காலையில துணி காயப்போடப் போனாங்க. அப்படியே விழுந்துட்டாங்க. இப்பத்தான் எடுக்கப்போறோம், வாங்க."

போனேன். ஆறு பேர் தூக்க முடியாமல் தடுமாறினார்கள். பின்னால் எவனோ மூக்கால் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வியாழன். ஊசி வேண்டாம் என்று சொன்னேனா? சொல்லவில்லை. சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன். அந்தச் சீனக் கிழவர் அகலப் பெஞ்சிலிருந்து கையை ஆட்டினார். இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கும் போனேன். அதற்குள் இரண்டு ஊசி போட்டாயிற்று. சோற்று வாசனையே குமட்டியது. அஞ்சலை அக்காவின் மகள் தானே வந்து எனக்குப் பரிமாறினாள்.

"அம்மா ஒங்களப் பத்தித்தான் பேசுவாங்க. வெள்ளிக்கெழமயானா ஒங்க பேருலதான் அர்ச்சனை. எம்பேருல ஒருநாள் செஞ்சதில்ல" என்றாள். பிறகு, "எடம் கெடச்சிருச்சாக்கா?"

"கெடச்சிருச்சு."

"எப்ப?"

"போன வாரத்துக்கு முந்துன வியாழன்."

சாம்பார் கரண்டி இலைக்கு மேலே நின்றது. அவள் மனத்தில் நாள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. எண்ணி முடித்ததும் மறுபடி ஊற்றினாள். "சாப்புடுங்க" என்றாள். ஒரு வாய்கூட என்னால் சாப்பிட முடியவில்லை. அவளும் என்னைச் சாப்பிடச் சொல்லி இன்னொரு தரம் கேட்கவில்லை.

எட்டு மாதத்தில் இருபத்து மூன்று கிலோ இறங்கியது. பங்குனியில் ஆபரேஷன். கட்டி புற்றுநோய் இல்லை. உதிரம் நின்றது. நான் உயிரோடு உங்கள் முன் நிற்பது அம்மன் போட்ட பிச்சை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆபரேஷன் முடிந்த பிறகும் நான்கு மாதம் அந்த இடத்தை நான் விடவில்லை. பழைய ரவிக்கைகள் பொருந்த ஆரம்பித்தன. வேன்காரன் வாயை மூடிக்கொண்டான். அந்த ருசி யாருக்கு விடும்? ஆனால் பட்டியலில் அடுத்தவள் தஞ்சோங் மாலிமிலிருந்து வரும் கவிதா. இருபத்தெட்டு வயது. அவளுக்கும் ஏதோ ஆபரேஷன் நிற்கிறது. வியாழக்கிழமைகளில் ஓரமாக உட்கார்ந்து எங்கள் பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராகப் பார்ப்பாள். அந்தப் பார்வை என்ன பார்வை என்று எனக்கல்லவா தெரியும்! ஒருநாள் அது என்மேல் நின்றது. ஆபரேஷனுக்கு முன்னால், நான் ரத்தமில்லாமல் வெளிறிப்போயிருந்த நாள்.

போன புதன்கிழமை மருத்துவமனைக்குப் போய்த் தாதியிடம் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். திரும்ப எடை ஏறும் என்று எச்சரித்தார். ஏறட்டும் என்றேன். அப்போதே அவர் கவிதாவுக்கு அழைத்தார். நான் கவுண்டரிலேயே நின்றேன். இடம் இருக்கிறது என்று தாதி சொன்னார். அந்தப் பக்கம் அவள் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"யாரு மிஸ்ஸி செத்தா?"

தாதி என்னைப் பார்த்தார். "யாரும் சாகலம்மா. நாளைக்கே வா."

அவள் அழுத அழுகை எதற்கென்று தாதிக்குப் புரியவில்லை.

நீங்களும் நம்பி வேண்டிக்கொள்ளுங்கள். அம்மன் கேட்பாள், அதற்கு நானே சாட்சி. நான் வேண்டியதை மட்டும் யாரும் வேண்டாதீர்கள்.