கஞ்சி போன நைட்டிகள்

‘மண்ணுக்குக் கேடில்லாத உடை’ என்று விலை அட்டையில் அச்சடித்திருந்தது. திண்டுக்கல்லில் என் வீட்டு மெஷினில் நான் தைத்த கைத்தறிக் கவுன்கள். சென்னைக் கண்காட்சிக்குப் போகிறவை. அட்டையைக் கோத்துக் கட்டுவதும் என் வேலைதான். அதிலிருந்த விலையைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மண்ணிலேயே கிடந்து பாடுபடுகிறவள் எவளும் இதைத் தொட்டுக்கூடப் பார்க்க முடியாதே!

அந்த வாரம்தான் என் வீட்டுக்காரரின் தங்கை ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்தாள். அங்கே காய்கறி மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் தரம் பிரிக்கிறவள். பாலியஸ்டர் நைட்டி, அதன்மேல் ஒரு ஆம்பளைச் சட்டை. தகரக் கூரைக்கடியில் நாள் முழுக்க அதோடு உட்கார்ந்து, முதுகெல்லாம் வேர்க்குருவாகச் சிவந்து கிடந்தது.

“பருத்தியில போட்டா என்னத்தா?” என்றேன்.

“போடலாம் மதினி. யாரு வாங்கித் தாரா, நீங்க தாரீகளா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. சின்னாளப்பட்டியில் தறி, வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில், தைக்க நான். எல்லாம் இங்கேயே இருக்க, இவள் முதுகுக்கு மட்டும் ஏன் இல்லை?

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அந்தக் கவுனில் எது விலையை ஏற்றுகிறது என்று கண்டுபிடிக்கப் படிப்பு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. உள்துணி, மரப் பொத்தான், பெட்டி, கண்காட்சி வாடகை, நடுவில் நிற்கிற கைகள். அத்தனையையும் தள்ளினேன். தறிக்காரர் கூலியில் மட்டும் கை வைக்கவில்லை. நாத்தனாருக்கும் அவளோடு வேலை பார்க்கிறவர்களுக்குமாக நைட்டி தைக்க, அவரிடமே நேராகத் துணி எடுத்தேன். வீணாகாதபடி நேர்வெட்டு, மிஞ்சிய துண்டில் செல்போன் வைக்க ஒரு பை. விலை, ரோட்டோரக் கடைப் பாலியஸ்டரைவிடக் கொஞ்சம்தான் கூட வந்தது.

உடனே பயம் பிடித்துக்கொண்டது. முதல் சலவையில் சுருங்கினால்? சாயம் ஓடினால்? கூலிக்காசில் வாங்குகிறவள் சும்மா விடுவாளா? நாத்தனாரை அல்லவா பிடித்துக்கொள்வார்கள்! ஆகவே, வெட்டுவதற்கு முன்பே துணி முழுவதையும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, நிழலில் காயப்போட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மூட்டையோடு ஒட்டன்சத்திரம் பஸ் ஏறினேன். வெங்காயக் குவியலைச் சுற்றியிருந்த பெண்கள் ஆசையாகத்தான் கையை நீட்டினார்கள். ஒரு பெரியம்மா துணியை இரண்டு விரலால் தேய்த்து, மோந்தும் பார்த்தார்.

“ஏனம்மணி, இது யாரு போட்டுக் கழிச்சதுங்க?”

“புதுசுங்கம்மா. நான் தச்சது.”

“புதுசுன்னா மொடமொடன்னு இருக்கோணுமல்ல? இது தண்ணி கண்ட துணியாட்டம் இருக்குது.”

“சுருங்கக் கூடாதுன்னு நனைச்சுத்தான் தச்சேன்” என்று சொல்லித் தொலைத்தேன். பக்கத்திலிருந்தவள் கையிலிருந்ததைப் பட்டென்று கீழே வைத்தாள்.

“நனைச்ச துணிக்கு மஞ்ச வெச்சுத் தீவாளி கும்புடச் சொல்றீங்களாக்கா? சாமியே சிரிச்சுப்போடும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனார் முகம் சுண்டிப்போனது. அவளுக்கென்று தைத்த ஒன்றை மட்டும் அவள் கையில் கொடுத்துவிட்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள், கண்காட்சிக்கு என்னிடம் கவுன் தைக்கக் கொடுக்கிற ஆள் வந்தார். மூட்டையில் கை வைத்ததும் அவர் கண் விரிந்தது.

“அக்கா, துவைச்ச துணியா? இந்த மெதுமெதுப்புக்குத்தான் அங்க கிராக்கி. மொத்தத்தையும் குடுங்க, நீங்க போட்ட வெலைக்கு ரெண்டு மடங்கு தாரேன்.”

“நீங்க எம்புட்டுக்கு விப்பீங்க?”

“அது எதுக்குக்கா உங்களுக்கு?”

எதுக்கா? வெங்காயம் பிரிக்கிறவளுக்கு எட்டவேண்டும் என்று நான் ஒவ்வொன்றாகக் கழித்த விலையை, இவர் ஒரு நொடியில் திரும்ப ஏற்றப் போகிறார். கொடுத்திருந்தால் என் கவலை அன்றே தீர்ந்திருக்கும். அவள் முதுகு மட்டும் வெந்துகொண்டே இருக்கும். தரமாட்டேன் என்றேன். இனிமேல் தைக்க வேலை தருவாரோ மாட்டாரோ என்ற கவலையோடுதான் அவரை அனுப்பினேன்.

தீபாவளி கழிந்ததும் நாத்தனார் போன் செய்தாள்.

“மதினி, நீங்க எனக்குக் குடுத்ததப் போட்டுட்டு வேலைக்குப் போனேன். எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பாக்குறாளுக. தீவாளி நோம்பிக்குத்தான் ஆகாதாம், வேலைக்கு ஆகுமாம். மூட்டையக் கொண்டாங்க.”

போனேன். அதே பெரியம்மா முதல் ஆளாக வந்து ஒன்றை எடுத்தார்.

“பழசுக்கு ஏனம்மணி புதுசு வெல சொல்றீங்க? கொறைச்சுக் குடுங்க.”

“பழசில்லைங்கம்மா!” என்று மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன். “இதுல கொறைச்சா நெஞ்சவரு கூலியிலதான் கொறைக்கணும். உங்க கூலியில இப்படிக் கொறைச்சா விடுவீங்களா?”

பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். முந்தியிலிருந்த காசை அவிழ்த்துக் கேட்டதைக் கொடுத்தார்.

“சித்த மெதுவாத்தான் பேசுங்களே. பொங்கலுக்கு எம் மருமகளுக்கு ஒண்ணு வேணும். அதையும் நனைச்சுக் கெடுத்துப்போடாதீங்க. சுருங்குனா நாங்க பாத்துக்கறோம்.”