நாலு முழம் தள்ளி ஒரு மைக்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது:

1. எங்கள் ஊர் சபாவில் என் சிநேகிதி ஸ்டெல்லா பாடினாள். தேறினால் மாதாமாதம் மேடை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.
2. அவள் வாய் திறக்குமுன் சபா காரியதரிசி மேடையேறி, மைக்கைத் தூக்கி நாலு முழம் தள்ளி வைத்தார்.
3. முன்வரிசைகளைத் தாண்டி ஒன்றும் கேட்கவில்லை. ஆம்ப்ளிபயர் என் பொறுப்பு. ஒலியைக் கூட்டினேன்... ஸ்பீக்கர் கீச்சிட்டு ஹாலே ஊளையிட்டது. கூட்டம் சிரித்தது.
4. "குரல் பத்தாது" என்று சபா முடிவு செய்தது.

வரிசையாக எழுதினால் கோபம் தணியும் என்று நினைத்தேன். தணியவில்லை.

ஸ்டெல்லா திருச்சி பாலக்கரையில் பள்ளி ஆசிரியை. சின்னக் குரல். மாதா கோயில் பாடகர் குழுவில் எப்போதும் கடைசி வரிசை. நான் யுத்த காலத்தில் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தபோது ஒயர்லெஸ் படித்துவிட்டு, இப்போது அண்ணனின் மைக் செட் கடையில் இருக்கிறேன்.

கச்சேரிக்குச் சில மாதம் முன்பு, சபாவுக்கு மைக் வாடகை பேசுவதற்காக ஒருநாள் ஸ்ரீரங்கத்தில் காரியதரிசி வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லாவும் கூட வந்தாள். அவர் பெருமையாக ஒரு ரிக்கார்டு போட்டார். அமெரிக்காவின் கறுப்பினப் பாடகி ஒருத்தி. ஜாஸ் பாட்டாம். கத்தவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து நம்மிடம் மட்டும் பேசுவதுபோல ஒரு குரல்.

"பாவம், இவ பாடற ஓட்டல்லயே இவளை வாசல் வழியா விடமாட்டாளாம். சமையல்கட்டு வழியாத்தான் போகணுமாம். என்ன அநியாயம் பாருங்கோ" என்றார் காரியதரிசி. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

காவிரிப் பாலத்தில் பஸ் வரும்போது ஸ்டெல்லா கேட்டாள்: "அவங்க குரலும் சின்னதுதானடி?"

"சின்னதுதான். மைக்குக்கு ரொம்பக் கிட்ட நின்னு பாடறாங்க. அதான் மூச்சுகூட கேக்குது."

அவ்வளவுதான். அன்றிலிருந்து சாயங்காலமானால் எங்கள் கடைக்கு வந்து, மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று தமிழ்ப் பாட்டுப் பாடிப் பழகினாள். எங்கோ கடல் தாண்டிப் பாடிய ஒருத்தி, பாலக்கரைப் பெண்ணைக் கடைசி வரிசையிலிருந்து எழுப்பி நிறுத்தியிருந்தாள்.

அந்த ஒரு சாணைத்தான் காரியதரிசி நாலு முழமாக்கினார்.

கச்சேரி முடிந்ததும் நேரே போய்க் கேட்டேன். "மைக்கை ஏன் சார் தள்ளி வெச்சீங்க?"

"குடும்பத்துப் பொண்ணு அதோட முகத்துல முகம் வெச்சுண்டு நின்னா பாக்கறவா என்ன நினைப்பா?"

"உங்க வீட்டு ரிக்கார்டுல பாடறவங்களும் அப்படி நின்னுதான் பாடினாங்க."

"அவ நின்னதை நான் பாக்கலையேம்மா."

பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தால் உருகுவோம். அதே குரல் ஒரு முகத்தோடு எதிரே வந்து நின்றால் உறுத்துகிறது. அமெரிக்காவில் நடப்பது மட்டும் அநியாயம் — இது என்னவாம்? ஒழுக்கமா?

நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டு இன்னும் பொருமிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா என் தோளில் கை வைத்தாள்.

"விடுடி. அவங்களைச் சமையல்கட்டு வழியாவாவது உள்ள விட்டாங்க."

சபா மறுபடி கூப்பிடவில்லை. அந்தச் சபாவுக்கு இனி எங்கள் கடை மைக் போகாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஸ்டெல்லா பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள். பாடுவதில்லை.