பூட்டுக்கு அடங்காத குமிழ்

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி ஒரு நர்ஸின் தலையில் விழுந்தது. டிரிப்ஸ் ஏற்றும் மெஷினின் தொடுதிரையைப் பூட்டிவிட்டுத்தான் துடைத்தேன் என்றாள். ஆனாலும் துணி பட்டு மருந்தின் வேகம் மூன்று மடங்கு ஏறியிருந்தது. நோயாளி பிழைத்தது புண்ணியம். பூட்டவே இல்லை என்று அறிக்கை எழுதி, அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள்.

அந்தத் திரைக்குப் புரோகிராம் எழுதியவளை ஆபீசில் பூட்டுக்காரி என்பார்கள். பதினோரு வருஷமாகத் திரையைப் பூட்டுவதும் திறப்பதும்தான் அவள் பிழைப்பு. ஒவ்வொரு பட்டனாகப் போய் அவள் கெஞ்சுவதில்லை. 'பூட்டு என்றால் அடங்குவேன், திற என்றால் வேலை செய்வேன்' என்று ஓர் ஒப்பந்தம் உண்டு. அதற்குப் பெயர் இன்டர்ஃபேஸ். யார் எந்தப் புது பட்டனைச் செய்தாலும் அதை ஏற்றாக வேண்டும்.

கம்பெனிக்கு வந்த அந்த அறிக்கையைப் படித்ததும் பூட்டுக்காரி ஆபீஸ் மெஷினைப் பூட்டித் துடைத்துப் பார்த்தாள். பட்டன்கள் சாம்பல் நிறமாகிப் பேசாமல் கிடந்தன. திரையில் வேகத்தைக் கூட்டும் வட்டக் குமிழ் மட்டும் ஜம்மென்று சுழன்றது. பக்கத்து அணி புதிதாகச் செய்த அலங்காரக் குமிழ் அது. விளம்பரத்தில் மினுக்கியதே தவிர, ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நர்ஸ் பூட்டியிருக்காங்க சார். அடங்காதது நம்ம குமிழ்" என்று மேனேஜரிடம் போய் நின்றாள்.

"அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடலாம்மா. வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்காதே."

"செய்யாத தப்புக்கு அவங்க வேலை போகணுமா? வெட்கமா இல்ல நமக்கு?"

பக்கத்து அணியைக் கையும் களவுமாகப் பிடிக்கப் புரோகிராமைத் திறந்தாள். முதலில் கண்ணில் பட்டது அவளே எழுதிய வரி: ஒப்பந்தம் ஏற்காததைக் கண்டால், விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. ஓர் எச்சரிக்கை கிடையாது, ஒரு முனகல் கிடையாது. வசதிக்காக எழுதியது. கோபம் முழுக்கத் தன் பக்கமே திரும்பியது. இரண்டு தப்பையும் எழுதி, கீழே தன் பெயரைப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

மூன்றாம் நாள் நர்ஸ் போனில் கூப்பிட்டாள். "நாளைக்கு டூட்டிக்கு வரச் சொல்லிட்டாங்க."

"நல்லதுங்க. மன்னிச்சிடுங்க."



"விசாரணையில பூட்டினேன்னு நாலு தடவை சொன்னேங்க. அஞ்சாவது தடவை கேட்டப்ப, பூட்ட மறந்துட்டேன்னு நானே நம்பி அந்த அறிக்கையில கையெழுத்துப் போட்டுட்டேன்."