மாப்பக்கா பூட்டிய கதவு

அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில், இரண்டு அறைகளில் நடந்த குழந்தைகள் காப்பகம் அது. மொத்தம் பதினோரு குழந்தைகள். பெருக்கித் துடைக்கும் வேலை அவளுக்கு. யாரோ ஒரு வாண்டு அவள் கையிலிருந்த மாப்பையும் அவளையும் சேர்த்து ‘மாப்பக்கா’ என்று கூப்பிட, சொந்தப் பெயர் அன்றோடு ஓய்வு பெற்றுவிட்டது.

அவள் துடைத்த தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். மண் என்றால் ஜென்மப் பகை. கட்டடத்துக்குப் பின்னால் லாரி ஒன்று நிறுத்துகிற அளவுக்குப் புல்தரையும் ஒரு கொய்யா மரமும் இருந்தன. அந்தப் பக்கக் கதவைப் பூட்டச் சொன்னதே அவள்தான். காப்பகத்தை நடத்திய மேடத்துக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. குழந்தைகள் ரப்பர் பாய்மேல், அமுக்கினால் கத்துகிற பொம்மைகளோடு பொழுதைப் போக்கினார்கள்.

ஒருநாள் காலை குளியலறைக் குழாய் உடைந்து, கூடத்தில் கணுக்கால் வரை தண்ணீர். மேடம் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று பிளம்பருக்குப் போன் அடித்துக்கொண்டே, பிள்ளைகளைப் பின்பக்கம் கூட்டிப் போகச் சொன்னாள். வேறு வழியில்லை. மாப்பக்கா பூட்டைத் திறந்தாள்.

பதினோரு பேரும் வாசற்படியில் வரிசையாக நின்றார்கள். ஒருத்தரும் இறங்கவில்லை. வங்கிக்காரர் மகள், நாலு வயது, பாய் எங்கே என்று கேட்டாள். இங்கே பாய் கிடையாது, புல்தான் என்றாள் மாப்பக்கா. அந்தப் பெண் ஒரு காலை இறக்கி, குத்துகிறது என்று எடுத்துவிட்டாள். பிறகு மறுபடி இறக்கினாள். சுவரோரம் ஒரு நத்தை ஓட்டுக்குள் சுருண்டு கிடந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். எல்லாரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

"மாப்பக்கா, இதுக்குச் சார்ஜ் தீந்துபோச்சு."

மாப்பக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே போய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து கொஞ்சம் தெளித்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். யாரும் மூச்சு விடவில்லை. மெல்ல ஒரு கொம்பு எட்டிப் பார்த்தது, பிறகு இன்னொன்று. அவ்வளவுதான், பதினோரு பேருக்கும் தண்ணீர் வேண்டும் என்றாகிவிட்டது. புல்லுக்கு, எறும்புக்கு, கொய்யா மரத்துக்கு, பக்கத்தில் நின்றவன் தலைக்கு.

பிளம்பர் கிளம்பிப் போனபோது எந்தக் குழந்தை யாருடையது என்று கண்டுபிடிக்கவே கழுவ வேண்டியிருந்தது. மாப்பக்கா முணுமுணுத்துக்கொண்டே கழுவினாள். ஆனால் மதியம் ஒரு விசேஷம் நடந்தது. தினமும் ஒரு மணி நேரம் தட்டித் தட்டித் தூங்கவைக்க வேண்டிய கூட்டம், சோற்றுக் கை காய்வதற்குள் சுருண்டு விழுந்தது. காப்பகத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாக, அன்றுதான் அவள் ஆற அமர உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாள் எல்லாரும் பின்கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்கள். மேடம் மசியவில்லை. வங்கிக்காரர் போன் செய்து, மகள் தலைமுடியில் மண் இருந்ததற்கு அரைமணி நேரம் விளக்கம் கேட்டிருந்தார்.

"நாளைக்கு யாராவது விழுந்து முட்டி பேந்தா யாரு பதில் சொல்றது?" என்றாள் மேடம்.

"உள்ளேயும்தான் விழுறாங்க மேடம். புல்லுல விழுந்தா சிரிச்சுக்கிட்டே எந்திரிக்குதுங்க. இந்தத் தரையில விழுந்தா எப்படி வலிக்கும்னு எனக்குத்தான் தெரியும்."

சொல்லிவிட்டுத் தானே திகைத்துப் போனாள். துடைக்கிறவள் மண்ணுக்கு வக்காலத்து வாங்குவதை அவளாலேயே நம்ப முடியவில்லை. மேடமும் கொஞ்சம் இறங்கி வந்தாள். உடுப்பு அழுக்காகாமல் பார்த்துக்கொண்டால் தினம் அரைமணி நேரம் என்று முடிவாயிற்று.

மாப்பக்காவின் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். அவருடைய பழைய காக்கிச் சட்டைகள் ஒவ்வொன்றாக அலமாரியிலிருந்து காணாமல் போயின. பின்பக்கம் பொத்தான் வைத்துப் போட்டுவிட்டால் குழந்தைக்குக் கணுக்கால் வரை மறைந்துவிடும். அவர் தேடித் தேடிக் களைத்து, கடைசியில் விஷயம் தெரிந்ததும், டிப்போவில் சொல்லி ஆறு சட்டைகள் வாங்கி வந்து கொடுத்தார். தினமும் பதினொரு மணிக்குப் பதினோரு குட்டி டிரைவர்கள் கொய்யா மரத்தடியில் இறங்கினார்கள்.

இரண்டு வாரம் கழித்து வங்கிக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். சும்மா விடுவதாக இல்லை. நேரே பின்பக்கம் நடந்தார். மகள் குப்புறப் படுத்து, எறும்புகள் ஒரு பிஸ்கட் துணுக்கை இழுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"அப்பா, உங்க நிழல் விழுது. எறும்புக்கு வழி தெரியல."

அவர் தள்ளி நின்றார். துணுக்கு ஒரு கல்லில் சிக்கியது. மகள் பெருமூச்சு விட்டாள். அவர் குனிந்தார், பிறகு உட்கார்ந்தார், கல்லை எடுத்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். கூடாது, அதுங்களே பார்த்துக்கும் என்று பதில் வந்தது. எறும்புகள் சுற்றி வளைத்து அதைப் புற்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

உள்ளே போகத் திரும்பியவரை மாப்பக்கா வாசலில் மறித்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் காக்கி வரிசை நின்றது.

"சார், கால் கழுவிட்டு. வரிசையில வாங்க."

அவர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டாவது ஆளாக நின்றார்.