தலைக்கவசத்துக்குள் குற்றாலம்

ஆளுக்கொரு நாட்டில் பிறந்த பாகங்களை ஒரு தகரப் பெட்டிக்குள் அடைத்து, ஒன்றோடொன்று பேசவைக்கும் தொழிலுக்கு கம்ப்யூட்டர் அசெம்பிளிங் என்று பெயர். தொண்ணூறுகளின் பாளையங்கோட்டையில் அதைச் செய்துகொண்டிருந்த என்னை எல்லோரும் டிவி மெக்கானிக் என்றே நினைத்தார்கள். இத்தொழிலில் விரலைச் சுட்டுக்கொண்ட அன்பர்களுக்கு, நான் பட்ட பாட்டில் கொஞ்சம்.

கண்ணாடி விற்றவர்

பொருட்காட்சியில் வருஷா வருஷம் கண்ணாடி மாளிகை போடுகிற அண்ணாச்சி கடைக்கு வந்தார். உள்ளே போனால் குட்டையாகவும் நெட்டையாகவும் தெரிவோமே, அதுதான். கூட்டம் குறைந்துவிட்டதாம். வெளிநாட்டில் தலையில் ஒன்றை மாட்டிக்கொண்டால் வேறு உலகம் தெரிகிறது, தலையைத் திருப்பினால் அந்த உலகமும் திரும்புகிறது என்று பத்திரிகையில் படித்திருந்தார். அவருக்கு அதற்குள் குற்றாலம் தெரிய வேண்டும். ஆனித் திருவிழாவுக்குப் பொருட்காட்சி தொடங்குவதற்குள் வேண்டும்.

வெளிநாட்டு எந்திரத்தின் விலைக்குக் குற்றாலத்தையே வாங்கிவிடலாம் என்றேன். கையில் இருக்கும் காசுக்குள் செய்து கொடும் என்றார். யோசிக்கிறேன் என்று இழுத்தேன். "யோசிக்கதுக்கு என்னவே இருக்கு? கண்ணாடி அம்புட்டையும் வித்தாச்சு. இந்த வருசம் இது ஓடலைன்னா நான் எதைக் காட்டிப் பொழைக்க?"

வண்டி இல்லாத தலை

பாக்கெட் டிவி இரண்டைப் பிரித்துத் திரைகளை எடுத்தேன். அவற்றுக்கு முன்னால் பூதக்கண்ணாடி வில்லைகள். பந்து வைத்த மவுஸ் ஒன்றைப் பிளந்து, அதன் சக்கரத்தைக் குடைக்கம்பியில் கோத்து, கம்பியைத் தலைக்கவசத்தின் உச்சியில் பொருத்தினால், தலை திரும்புவது கணினிக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பது என் கொள்கை. இனி வேண்டியது தலைக்கவசம் மட்டும்.

ஜங்ஷனில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், என்ன வண்டி என்று கேட்டார். வண்டி கிடையாது, நாற்காலியில் உட்கார்ந்தபடி மாட்டிக்கொள்ள என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "வண்டி ஓட்டுதவனே போடமாட்டேங்கான். சும்மா உக்காந்திருக்கவன் மண்டைக்கு யாருவே குறி வச்சிருக்கா?"

விட்டுப்போன சுழி

'வெர்ச்சுவல்' என்று எழுதக்கூடாது, 'மெய்நிகர்' என்றுதான் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். மெய்யல்ல, மெய்க்கு நிகர், என்ன கச்சிதம்! போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட் 'நி'யின் சுழியை விட்டுவிட்டு, 'மெய்நகர் குற்றாலம்' என்று பெரிதாக எழுதிக் கொண்டுவந்தார். பலகையை நிமிர்த்தியதும் ஒருவர் வந்து, மெய்நகருக்கு எந்த பஸ் என்று விசாரித்தார்.

ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டு விளக்கினேன். மெய் என்றால் உண்மை, உடம்பும்தான். பக்கத்தில் 'நகர்' வந்தால், 'உடம்பே, தள்ளிப்போ' என்று அர்த்தமாகிவிடும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு பிரஷ்ஷைத் துடைத்தார். "சரியாத்தான சார் இருக்கு? பாத்து முடிச்சவன் நகந்தாத்தான அடுத்த ஆளு உள்ள வரமுடியும்?"

பிந்தி வந்த அருவி

பொருட்காட்சியின் முதல் நாள் மாலை. எங்கள் கணினி ஏழை. தலையைத் திருப்பினால் சற்று யோசித்துவிட்டே படத்தைத் திருப்பியது. நீலக் கட்டங்கள் இறங்கினால் அருவி, பழுப்புக் கட்டங்கள் நின்றால் பாறை. வலப்பக்கம் பார்க்கிறவருக்கு, அப்போதுதான் இடப்பக்கம் வந்து சேரும். பலருக்குத் தலை சுற்றியது. ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் ஓடினார்.

நான் ஒரு வாடிக்கையாளரை மடக்கி, கணக்குப் போடக் கணினிக்கு அவகாசம் வேண்டும் என்பதை எடுத்துச் சொன்னேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "தென்காசி பஸ்ஸு இதைவிட வெரசாப் போவும். நான் நேர்லயே போயிக் குளிச்சுக்கிடுதேன்."

சாரல்

மறுநாள் அண்ணாச்சி ஒரு டேபிள் ஃபேனும், பூச்சிமருந்து அடிக்கிற கைப்பம்பும் கொண்டுவந்தார். பம்பு புதுசு, மருந்து படாதது என்று சத்தியம் செய்தார். கவசம் மாட்டி உட்கார்ந்தவர்மேல் ஃபேனைத் திருப்பிவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சினார். கரண்ட், தண்ணீர், மனிதத் தலை மூன்றையும் ஒரே இடத்தில் வைக்கலாமா என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் திரைகள் இரண்டும் அணைந்தன. ஓடிப்போய் கவசத்தின் பிளக்கைப் பிடுங்கினேன். 'இயங்காது' என்று எழுத அட்டை தேடி வெளியே போனேன்.

திரும்பி வந்தால், வரிசை ராட்டினம் வரை நிற்கிறது. அண்ணாச்சி, உயிர் போன கவசத்தைத் தலைதலையாகக் கவிழ்த்துச் சாரல் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒன்றுமே தெரியாதே என்று அவர் காதில் பதறினேன். "அருவியில குளிக்கும்போது எவன்வே கண்ணைத் தொறந்து வச்சிருக்கான்?" என்றபடி பம்பை அழுத்தினார். பொருட்காட்சி முடியும்வரை அந்த வரிசை குறையவில்லை. அன்று சொட்டச் சொட்ட எழுந்துவந்த ஒருவர், முந்தின நாளும் பார்த்தவராம், முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நேத்தைவிட இன்னைக்கு அருவி நல்லாத் தெளிவா இருக்கு அண்ணாச்சி. மிசினை மாத்திட்டியளோ?"

ஆகவே, குறைந்த செலவில் இப்படியொரு எந்திரம் செய்ய எண்ணும் அன்பர்களுக்கு என் யோசனை, கணினி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தாராளமாக வாங்குங்கள் என்பதே.