சிலுவைக்குப் பின்னால் எரிந்த விளக்கு

பெமிலா குவைத்தில் அவசரப் பிரிவு நர்ஸாக இருந்தவள். ஸ்டியரிங்கில் மோதிய நெஞ்சு எப்படி மூச்சு வாங்கும் என்று எக்ஸ்ரே வருவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். ஊருக்குத் திரும்பி நாகர்கோவிலில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு கார் வேண்டும் என்றாள். விற்பவன் கண்ணாடிக் கூரையைத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தான். ஏர்பேக் உண்டா என்று மட்டும் அவள் கேட்டாள்.

அந்தக் காரில்தான் தக்கலையிலிருந்து தினமும் வேலைக்குப் போய்வந்தாள். வழி முழுக்க எதிரே கேரளத்துக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகள். ஞாயிற்றுக்கிழமை அதே காரில் குடும்பம் சபைக்குப் போகும். மாமியார் ராகேலுக்கு முழங்கால் மடங்காது. முன்சீட்டில் காலை நீட்டி உட்காருவாள்.

கணவன் பெனினுக்கு டைல்ஸ் கடை. கூட்டாளிகளோடு கோயம்புத்தூர் பந்தயத் தடத்துக்குப் போய், இதே காரை ஒரு பகல் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தான். வந்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்ல எழுந்தான். ஒரு கீறல்கூட இல்லாமல் கர்த்தர் தன்னைத் திரும்பக் கொண்டுவந்தார் என்றான். பெமிலாவும் ஸ்தோத்திரம் சொன்னாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், அவன் சின்னதாக ஒரு சிலுவை ஒட்டியிருந்ததும் அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த ஊர்ப்பக்கம் வீடுகளில் ஒட்டிய சிலுவையை யாரும் உரிப்பதில்லை. கதவுக்குப் பெயின்ட் அடிக்க வருகிறவன்கூட அதைச் சுற்றித்தான் அடிப்பான்.

ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. சிலுவையின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ கசிந்தது. முன்னால் போகிற வண்டியின் வெளிச்சம் என்று நினைத்தாள். முன்னால் வண்டி இல்லை. ஓரமாக நிறுத்தினாள். கை தயங்கியது. பிறகு நகத்தால் உரித்தாள். அடியில் சிவப்பாக ஒரு படம்: உட்கார்ந்திருக்கும் ஆள், அவன் நெஞ்சுக்கு முன்னால் ஒரு பந்து. ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு.

வீட்டில் பெனின் போனில் கார் ஓட்டும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏர்பேக்க என்ன செய்தீங்க?"

"அதுக்குப் போற கரண்டு கம்பிய அவுத்து விட்டிருக்கு. டிராக்குல அது ஆபத்தாக்கும். ஹெல்மெட்டும் தோள் பெல்ட்டும் போட்டு இருக்கும்ப, லேசா இடிச்சாலே வெடிச்சிரும்."

"டிராக்குல சரி. வந்த பொறவு ஏன் மாட்டல?"

"அடுத்த மாசம் திரும்பப் போணும்லா. அவுத்து அவுத்து மாட்டினா கம்பி கேடாயிரும்."

"கம்பி கேடாயிரும்."

"நீ மெதுவா உருட்டிக்கிட்டுல்லா போவ. உனக்கு எதுக்குட்டி ஏர்பேக்கு?"

"எதிர வாற கல்லு லாரியும் உருட்டிக்கிட்டா வருகு?"

சத்தம் கேட்டு ராகேல் சுவரைப் பிடித்து வந்தாள். பெனின் முந்திக்கொண்டான். "அம்மா, வண்டியில இருந்த சிலுவைய இவ பிச்சு எடுத்திருக்கா. கையில பாருங்க."

"ஐயோ மக்ளே, சிலுவையையா? அப்பிடி என்ன கோவம் உனக்கு?"

 குற்றவாளி இப்போது பெமிலாவாம்.

"இத எதுக்கு ஒட்டினாருன்னு கேளுங்க மாமி. ஆபத்து ஆபத்துன்னு வண்டியே ஒரு விளக்கப் போட்டுச் சொல்லிட்டிருக்கு. அத மறைக்கத்தான் ஒட்டினது. வேற எத ஒட்டினாலும் நான் பிச்சிருவேன்னு இவருக்குத் தெரியும். இவரு கோயம்புத்தூர் போயிட்டு வந்ததுலேர்ந்து நீங்களும் நானும் சும்மா ஒரு தகரப் பெட்டிக்குள்ளயாக்கும் போய்ட்டு வாறோம்."

"சிலுவை இருந்தா ஒண்ணும் வராதுல்லா," என்று பெனின் சிரிக்கப் பார்த்தான்.

"அப்ப டிராக்குக்கு ஹெல்மெட் எதுக்கு? நெத்தியில ஒரு சிலுவைய ஒட்டிட்டுப் போயிருக்கலாம்லா."

மெக்கானிக்குக்கு நேரமில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான் பெனின். பெமிலா அன்றிலிருந்து பஸ்ஸில் போனாள்.  ஞாயிற்றுக்கிழமை மகனோடு காரில் ஏறும்போது ராகேல் பின்கதவைத் திறந்து, மடங்காத காலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள்.

சபையில் சாட்சி நேரம் வந்தது. பெமிலா எழுந்தாள். இது நன்றி சொல்ல அல்ல என்று தொடங்கினாள். அவிழ்த்த கம்பி, எரிந்த விளக்கு, அதன்மேல் ஒட்டிய சிலுவை, முன்சீட்டில் உட்கார்ந்துவந்த மாமியார். குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஸ்தோத்திரம் என்று யாரும் சொல்லவில்லை. போதகர் பாட்டு எண்ணைச் சொன்னார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பெனினைச் சுற்றி வாலிபர் கூட்டம். அவனுக்குப் புத்தி சொல்கிறார்கள் என்று ஒரு நொடி நம்பினாள். பக்கத்தில் போனபோது காதில் விழுந்தது.

"எந்த மெக்கானிக் மாப்ள? எனக்கும் ஒண்ணு அவுக்கணும்."

"விளக்கு எரியாம செய்யவும் வழி உண்டாமே?"

 அத்தனை பேருக்கும் வீட்டில் கார் உண்டு. அத்தனை கார்களின் முன்சீட்டிலும் யாரோ உட்கார்ந்து வருகிறார்கள். பெமிலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் கையை நீட்டினாள்.

"சாவி தாருங்க."

"குடுத்துராத மாப்ள," என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"குடுக்காண்டாம்," என்றாள் பெமிலா. "டயர்ல காத்த எறக்கி விடுகேன். அதுவும் உங்களுக்குத் தேவையில்லாத காத்துதானே."

சிரிப்பு நின்றது. பெண்கள் வரிசை முழுவதும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பெனின் சாவியைக் கொடுத்தான்.

"வண்டி இங்கயே கிடக்கட்டும். கம்பிய மாட்டுற ஆளக் கூட்டிட்டு வாங்க. சாவி எங்கிட்ட இருக்கும்."

அவள் ரோட்டுக்கு நடந்தாள். பின்னால் செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது. ராகேல்.

பஸ்ஸில் இடமில்லை. ஒரு கையால் கம்பியையும் மறுகையால் பெமிலாவின் தோளையும் பிடித்து ராகேல் நின்றாள். வாய் முணுமுணுத்தது. ஜெபம் என்றுதான் பெமிலா நினைத்தாள்.

"அவன் நடந்து வரட்டும், எரப்பாளி," என்றாள் ராகேல்.